சிபாப் கருவியோடு உறங்கப் பழகுவது எப்படி? – வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயான ஸ்லீப் ஆப்னியா தொடர்பாக இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில், நோயைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. பரிசோதனையும் முடிந்து, முகத்தில் மாட்டும் மாஸ்க் வழியாக இரவு முழுவதும் அழுத்தத்தோடு காற்று செலுத்தும் சிபாப் கருவியும் வாங்கி வைத்துக்கொண்டு, அதை மாட்டித் தூங்க முடியாமல் தவிப்பவர்களே அதிகம். இந்த இதழில் அவர்களுடைய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு. என் கணவருக்கு 61 வயது, வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பல வருடங்களாகப் பெரிய குறட்டை. தூக்கப் பரிசோதனை செய்ததில் மணிக்கு 42 முறை மூச்சு தடைபடுவதாகச் சொல்லி, சிபாப் கருவி வாங்கச் சொன்னார்கள். வாங்கி மாட்டிய முதல் இரவே, மூச்சு முட்டுகிறது, என்னால் முடியாது என்று கழற்றி வைத்துவிட்டார். இப்போது கருவி பீரோவுக்கு மேலே இருக்கிறது. இதற்கிடையில் உறவினர்கள், ஆக்சிஜன் வைக்கும் அளவுக்கு வந்துவிட்டதா என்று விசாரிக்கிறார்கள். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, உறவினர்களின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், உங்கள் கணவரின் மனம் பின்வாங்கியதில் அந்தப் பேச்சுக்கும் பங்கு இருக்கக்கூடும். கொரோனா காலத்துக்குப் பிறகு, மூக்கில் குழாய் வைத்தாலே ஆக்சிஜன், ஆக்சிஜன் வைத்தாலே ஆபத்து என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. சிபாப் கருவியில் ஆக்சிஜன் சிலிண்டரும் கிடையாது, மருந்தும் கிடையாது. படுக்கையறையில் இருக்கும் அதே காற்றை இழுத்து, வடிகட்டி, சற்று அழுத்தத்தோடு மூக்கு வழியாக அனுப்புவதுதான் அதன் வேலை. மூச்சை இழுப்பவரும் விடுபவரும் அவரேதான்.

தூங்கும்போது நம் எல்லோருக்கும் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கின் அடிப்பகுதியும் மென்மையான மேல் அண்ணமும் பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடுகின்றன. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் தட்டையான பிளாஸ்டிக் ஓஸைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் ஓடும்வரை உருண்டு நிற்கும், நிறுத்திய உடனே படுத்துவிடும். தொண்டையை அப்படி நிமிர்த்தி வைத்திருப்பதற்குத்தான் இந்தக் காற்றழுத்தம். சாதாரணக் கருவிகளில் இது 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் வரை இருக்கும். 10 என்று வைத்தால், 10 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவே. நுரையீரலுக்குக் கேடு வருமோ என்று இந்த அளவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

மூச்சு குறைந்தது 10 வினாடி நின்றாலோ, வெகுவாகக் குறைந்தாலோ அதை ஒரு தடை என்று கணக்கிடுகிறோம். மணிக்கு 5 முதல் 15 வரை இருந்தால் லேசானது, 30 வரை நடுத்தரமானது, அதற்கு மேல் போனால் கடுமையானது. உங்கள் கணவருக்கு 42 என்றால், சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை மூளை அரைகுறையாக விழித்துத் தொண்டையைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. காலையில் அவருக்கு இது எதுவும் நினைவிருக்காது. இரவு நன்றாகத் தூங்கினேன் என்றே உண்மையாக நம்புவார். நோயின் தொல்லை அவருக்குத் தெரிவதில்லை, சிகிச்சையின் தொல்லை மட்டும் நன்றாகத் தெரிகிறது. அவரைப் பிடிவாதக்காரர் என்று நினைத்துவிடாமல் இருக்க இதை நீங்கள் புரிந்துகொள்வது அவசியம்.

மாட்டிக்கொள்வதற்கு இந்த மாஸ்க் என்றுமே எளிதாக இருந்ததில்லை. 1980 ஜூன் மாதத்தில் சிட்னியில் மருத்துவர் காலின் சல்லிவன் இந்த முறையை முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தினார். கடுமையான நோய்க்கு அந்நாளில் இருந்த முக்கியமான வழி, கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்துவது. அதை விரும்பாத நோயாளி ஒருவருக்குத்தான், மூக்கின் வழியே காற்றைச் செலுத்திப் பார்த்தார்கள். அவர் இரவு முழுவதும் தடையின்றித் தூங்கினார். அடுத்த ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் ஐந்து நோயாளிகளைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. தொடக்க காலக் கருவிகளில் தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைப் பயன்படுத்தினார்கள். மாஸ்க்கைத் தினமும் பசை கொண்டு மூக்கில் ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படியும் விடாமல் பயன்படுத்தினார்கள், ஏனென்றால் பகலில் விழித்திருக்க முடிந்தது. இன்று பசை வேண்டியதில்லை, சத்தமும் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் முகத்துக்குப் பொருந்தாத மாஸ்க் இன்றும் பொருந்தாததுதான்.

இப்போது மூச்சு முட்டுவதற்கு வருகிறேன். இதே சொல்லில் நோயாளிகள் இரண்டு வெவ்வேறு தொல்லைகளைச் சொல்வார்கள். மூச்சை வெளியே விடும்போது எதிர்க்காற்று தள்ளுகிறது என்றால் அது ஒன்று. உள்ளே இழுக்கும்போது காற்று போதவில்லை, இன்னும் வேண்டும் போலிருக்கிறது என்றால் அது வேறு. முதலாவதற்கு, மூச்சு விடும் நொடியில் மட்டும் அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்தும் வசதி இப்போதைய பெரும்பாலான கருவிகளில் இருக்கிறது. அதை இயக்கி வைத்தால் போதும். இரண்டாவது தொல்லை பெரும்பாலும் கருவி மிகக் குறைந்த அழுத்தத்தில் தொடங்குவதால் வருகிறது. நோயாளிக்குச் சிரமம் வேண்டாம் என்ற நல்ல எண்ணத்தில் 4-இல் தொடங்கும்படி வைத்துவிடுகிறார்கள். உடல் பருத்தவர்களுக்கும் நெஞ்சகன்றவர்களுக்கும் அது திணறலாகத் தோன்றுகிறது. மருத்துவரிடம் சொல்லித் தொடக்க அழுத்தத்தை 6 அல்லது 7 ஆக உயர்த்தினால் பலருக்குத் திணறல் அன்றே அடங்கிவிடுகிறது. ஆகவே உங்கள் கணவர் “மூச்சு முட்டுகிறது” என்று மட்டும் சொல்லாமல், இழுக்கும்போதா விடும்போதா என்று கவனித்து, அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இந்த ஒரு விவரத்தைக் கொண்டே தீர்வு மாறிவிடும்.

அழுத்தம் சரியானாலும், முகத்தில் எதையோ கட்டியிருக்கிறார்கள் என்ற பயம் தனியாக இருக்கும். அதைப் படுக்கையில் இரவு பதினொரு மணிக்கு வெல்ல முடியாது. பகலில்தான் வெல்ல வேண்டும். மாலையில் அவர் செய்தி பார்க்க உட்காரும்போது, பட்டைகளை மாட்டாமல், மாஸ்க்கைக் கையில் பிடித்து மூக்கின் மேல் வைத்துக்கொள்ளட்டும். எந்த நொடியிலும் கையை எடுத்துவிடலாம் என்ற நிச்சயம் இருப்பதால் நெஞ்சு படபடக்காது. அது பழகியதும் பட்டையை மாட்டிக்கொள்ளட்டும். பிறகு கருவியை இயக்கி, வாயை மூடியபடி மூக்கால் மூச்சு விடட்டும். மூக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு பேச வாயைத் திறந்தால், காற்று திடீரென்று வாய் வழியே வெளியே பாயும். முதல் முறை இது நடக்கும்போது யாரும் மிரண்டுதான் போவார்கள், ஆகவே பகலிலேயே ஒரு முறை வேண்டுமென்றே வாயைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. மின்சாரம் நின்றுவிட்டால் மூச்சு நின்றுவிடுமோ என்ற அச்சமும் தேவையில்லை. மூக்கு மாஸ்க் என்றால் வாயைத் திறந்தால் போதும். வாயையும் மூக்கையும் சேர்த்து மூடும் மாஸ்க்குகளில், காற்று நின்ற உடனே வெளிக்காற்றை உள்ளே விடும் வால்வு இருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு, ஒரே கையால் குழாயைக் கழற்றி மீண்டும் மாட்டவும் அவர் பழகிக்கொள்ள வேண்டும். இருட்டில் கழற்றத் தெரிந்தவருக்குக் கட்டிப்போட்ட உணர்வு வெகுவாகக் குறையும். அதன் பிறகு மதியத் தூக்கம், அதன் பிறகு இரவு.

மாஸ்க்கைப் பொருத்தும் முறையிலும் கவனம் வேண்டும். கடையில் நாற்காலியில் உட்கார வைத்து, கருவியை இயக்காமல் பட்டையை இறுக்கி, சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவது நம் ஊர்களில் பரவலாக நடக்கிறது. படுத்தால் முகத்தின் தசை வேறு விதமாகச் சரியும். ஆகவே தலையணையில் படுத்து, கருவியை அவருக்குரிய அழுத்தத்தில் ஓடவிட்டு, பட்டைகளைத் தளர்த்தி வைத்து, மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாக முன்னால் இழுத்து விட்டால், சிலிக்கான் விளிம்பு காற்றால் உப்பி முகத்தில் தானாக உட்காரும். அதற்குப் பிறகு காற்றுக் கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் பட்டையை இறுக்க வேண்டும். கசிகிறதே என்று மேலும் மேலும் இறுக்கினால் அந்த மெல்லிய விளிம்பு மடிந்து, கசிவு கூடும். காலையில் மூக்குத் தண்டில் சிவந்த தழும்பும் இருக்கும். படுக்கும் முன் முகத்தில் எண்ணெயோ கிரீமோ தடவியிருந்தால் விளிம்பு வழுக்கும், சிலிக்கானும் சீக்கிரம் கெடும். முகம் கழுவித் துடைத்த பிறகே மாட்ட வேண்டும். பல்செட்டைக் கழற்றிவிட்டுத் தூங்குபவராக இருந்தால், கழற்றிய நிலையிலேயே அளவு பார்க்க வேண்டும், ஏனென்றால் கன்னத்தின் வடிவமே மாறிவிடும்.

மூக்குத் துளைகளில் மட்டும் பொருந்தும் சிறியது, மூக்கை மூடுவது, மூக்கையும் வாயையும் மூடுவது என்று மாஸ்க் மூன்று வகைப்படும். வேறு காரணம் இல்லாவிட்டால் மூக்கு மாஸ்க்கில் தொடங்குவதே நல்லது. விற்பவர் ஒரே ஒரு மாஸ்க்கைக் கொடுத்துவிட்டு, போகப் போகப் பழகிவிடும் என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். வேறு வகையும் வேறு அளவும் போட்டுப் பார்க்கக் கேளுங்கள். அழுத்தம் மாற்றுவதற்கும் மாஸ்க் மாற்றுவதற்கும் அவர்களைத் தொல்லை செய்வது உங்கள் உரிமை.

இரவில் தூக்கத்திலேயே கழற்றி எறிந்துவிட்டால் குறை சொல்லாமல் மறுபடி மாட்டிவிடுங்கள். ஆனால் நான்கு மணி நேரம் போட்டாயிற்று, போதும் என்று விட்டுவிடக் கூடாது. கனவுகள் வரும் தூக்க நிலை விடியலை ஒட்டிய நேரத்தில்தான் நீளமாக வரும். அந்த நிலையில்தான் பலருக்கு மூச்சுத் தடை மிகவும் கடுமையாகிறது. அதிகாலை மூன்று மணிக்குக் கழற்றிவிடுபவர், மிகவும் தேவையான நேரத்தில் சிகிச்சையை விட்டுவிடுகிறார். முதல் வாரத்தில் எப்படிப் பயன்படுத்துகிறாரோ அதே போக்குதான் பெரும்பாலும் பிற்காலத்திலும் நீடிக்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே கருவியைப் பீரோவிலிருந்து இறக்கும் முன் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுங்கள். மறுபடி தொடங்கிய ஒரு வாரத்துக்குள் அவரைப் பார்ப்பதாக இருக்கட்டும்.

கேள்வி: எனக்கு 66 வயது. மாஸ்க்கை எப்படியோ பொறுத்துக்கொண்டு தூங்குகிறேன். ஆனால் காலையில் வாயும் தொண்டையும் காய்ந்து, மூக்கு அடைத்துக்கொள்கிறது. சிறு வயதிலிருந்து போட்டிருக்கும் மூக்குத்தியைக் கழற்ற மனம் வரவில்லை. கொண்டையில் பட்டை நழுவுகிறது. அடுத்த மாதம் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை வேறு இருக்கிறது.
– வாசகி, மதுரை

பதில்: மூக்குத்தியைக் கழற்ற வேண்டியதில்லை, மாஸ்க்கைத்தான் மாற்ற வேண்டும். மூக்குத் துளைக்குள் உட்காரும் சிறிய வகையைக் கொடுத்திருந்தால், அதன் மென்மையான முனை, மூக்குக்குள் இருக்கும் திருகாணியின் மேல் அழுத்திப் புண்ணாக்கும். கல்லின் பக்கம் காற்றும் கசியும். மூக்கை முழுவதுமாகச் சுற்றி, கன்னத்தின் ஓரத்திலும் மேலுதட்டிலும் விளிம்பு உட்காரும் வகையை எடுத்துக்கொண்டால் மூக்குத்தி அதற்குள்ளேயே இருந்துகொள்ளும். பெரிய கல் வைத்த மூக்குத்தியாக இருந்தால் இரவுக்கு மட்டும் சின்னதாக ஒன்று போட்டுக்கொள்ளலாம். கொண்டையை அவிழ்த்துத் தளர்வாகப் பின்னி, மேல் பட்டை உச்சந்தலைக்குப் பின்னாலும் கீழ்ப் பட்டை பின்னலுக்கு அடியில் பிடரியிலும் வரும்படி போட்டால் நழுவாது. மாஸ்க் வாங்கும்போது இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: சில மாஸ்க்குகளின் கொக்கிகளில் காந்தம் இருக்கிறது. உங்களுக்கோ, அருகில் படுப்பவருக்கோ பேஸ்மேக்கர் போன்ற கருவி உடலில் இருந்தால் காந்தம் இல்லாத வகையே வேண்டும்.

வாய் காய்வதற்குப் பெரும்பாலும் காரணம், தூக்கத்தில் வாய் திறந்து காற்று அந்த வழியே வெளியேறுவதுதான். வாய் ஏன் திறக்கிறது என்று பார்த்தால், மூக்கு அடைத்திருக்கும். அடைப்பைச் சரிசெய்யாமல் தாடைப் பட்டை கட்டுவது பலன் தராது. படுக்கும் முன் உப்புநீரால் மூக்கைக் கழுவுங்கள். அதற்குக் கொதித்து ஆறிய தண்ணீரையோ, காய்ச்சி வடித்த தண்ணீரையோ மட்டும் பயன்படுத்துங்கள். அதிலும் தீராவிட்டால் ஒவ்வாமைக்கான மூக்கு ஸ்பிரேயை மருத்துவர் எழுதித் தருவார். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும், உடனே அடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்துகளைச் சில நாட்களுக்கு மேல் தொடரக் கூடாது. தொடர்ந்தால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும்.

அடுத்தது கருவியின் ஈரப்பதக் கலன். மதுரை வெயிலில் குளிர்சாதன அறையில் தூங்குகிறீர்கள் என்றால் ஈரப்பதத்தைக் கூட்டி வையுங்கள், மழைக்காலத்தில் குறைத்துவிடுங்கள். குழாயில் தண்ணீர் கோத்து முகத்தில் சொட்டினால், அறை குளிர்ந்திருக்கிறது, குழாய்க்குள் வரும் காற்று வெதுவெதுப்பாக இருக்கிறது என்று பொருள். குழாய்க்குத் துணி உறை போடலாம், அல்லது சூடாக்கும் குழாய் கிடைத்தால் வாங்கலாம். கலனில் ஊற்ற, காய்ச்சி வடித்த தண்ணீரே சரியானது. வீட்டில் கொதிக்க வைத்த தண்ணீரில் கிருமி சாகும், உப்பு போகாது. நம் ஊர் போர்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றினால் கலனின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். தினமும் காலையில் மீதித் தண்ணீரைக் கொட்டிக் கலனைக் காய வையுங்கள். மாஸ்க்கின் சிலிக்கான் பகுதியை மென்மையான சோப்பு நீரில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள்.

அறுவை சிகிச்சை விஷயத்தில் ஒன்று மிகவும் முக்கியம். உங்களுக்கு ஸ்லீப் ஆப்னியா இருப்பதை மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் முன்கூட்டியே நீங்களே சொல்ல வேண்டும். எலும்பு மருத்துவருக்குத் தெரியும், அவர் சொல்லிவிடுவார் என்று இருந்துவிடாதீர்கள். மயக்க மருந்தும் அதற்குப் பின் தரப்படும் கடுமையான வலி மருந்துகளும் தொண்டைத் தசையைத் தளர்த்தி, மூச்சையும் மந்தமாக்கும். கருவியையும் உங்களுக்குப் பழகிய மாஸ்க்கையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். அறுவை சிகிச்சை முடிந்த அன்று இரவு அது உங்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: வயது 29, மென்பொருள் நிறுவனத்தில் வேலை. எனக்கு நடுத்தர அளவில் நோய் இருப்பதாகக் கண்டுபிடித்துக் கருவி பயன்படுத்தி வருகிறேன், நன்றாக இருக்கிறது. திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண் வீட்டாருக்கு இதைச் சொல்ல வேண்டாம், கொஞ்ச நாள் கருவியை விட்டுவிடு என்கிறார் அம்மா.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தம்பி, விடாதீர்கள். விட்ட சில இரவுகளிலேயே குறட்டையும் பகல் சோர்வும் திரும்பிவிடும். மணமகள் முதலில் அறிவது உங்கள் குறட்டையாகத்தான் இருக்கும். கருவியின் சத்தமோ பெரும்பாலும் 30 டெசிபெலுக்குள்தான் இருக்கும். மின்விசிறி ஓடும் அறையில் அது காதில் விழுவதே அரிது.

உங்கள் தாயார் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. சம்பந்தம் தவறிவிடுமோ என்ற கவலையில் பேசுகிறார், அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஆனால் வாழ்நாள் முழுவதும் அருகில் உறங்கப் போகிறவரிடம் மறைக்கும் விஷயம் இதுவல்ல. பெண்ணிடம் நீங்களே, திருமணத்துக்கு முன்பே, நேராகச் சொல்லிவிடுங்கள். எனக்குத் தொண்டை அமைப்பினால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறது, அதற்காக இரவில் காற்று தரும் கருவி வைத்துக்கொள்கிறேன், அதனால் பகலில் நன்றாக இருக்கிறேன் என்ற மூன்று செய்தி போதும். மாட்டிய நிலையில் ஒரு புகைப்படத்தையும் காட்டிவிடலாம். கண்ணாடி போடுவதை யாரும் மறைப்பதில்லை. சிகிச்சை எடுக்காத நோயினால் வரும் சோர்வு, எரிச்சல், தாம்பத்திய நாட்டக் குறைவு ஆகியவைதான் மண வாழ்க்கையைப் பாதிக்கக் கூடியவை. மாஸ்க்கைத் தூங்கப் போகும் நொடியில் மாட்டினால் போதும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: அடிக்கடி மின்வெட்டு உள்ள கிராமத்தில் ஆசிரியராக இருக்கிறேன். கருவிக்கு இன்வெர்ட்டர் போதுமா? விமானத்தில் எடுத்துச் செல்லலாமா?
– வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: வீட்டு இன்வெர்ட்டர் தாராளமாகப் போதும். தனி பேட்டரி வாங்குவதானால், மின்சாரத்தை அதிகம் இழுப்பது ஈரப்பதக் கலனின் சூடேற்றிதான் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மின்வெட்டு இரவில் அதை மட்டும் அணைத்துவிட்டால் பேட்டரி வெகுநேரம் வரும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர் என்றால் நல்ல சர்ஜ் பாதுகாப்பு உள்ள இணைப்பில் செருகுங்கள்.

விமானத்தில் கருவியைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும், சரக்கில் போடக் கூடாது. கலனில் தண்ணீர் இருக்கக் கூடாது. லித்தியம் பேட்டரி 100 வாட்-மணிக்குள் இருந்தால் கைப்பையில் பொதுவாக அனுமதி உண்டு. 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். மருத்துவரின் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும்.

கேள்வி: மாஸ்க்கின் முன்புறச் சிறு துளைகளிலிருந்து காற்று சீறி என் மனைவியின் முகத்தில் அடித்தது. டேப் ஒட்டி அடைத்துவிட்டேன். இப்போது சத்தம் இல்லை. ஆனால் காலையில் தலைவலியும், வயிறு உப்பி ஏப்பமும் வருகின்றன.
– வாசகர், ஈரோடு

பதில்: இதைப் படித்து முடித்ததும் அந்த டேப்பை எடுத்துவிடுங்கள். அந்தத் துளைகள் நீங்கள் வெளிவிடும் கரியமில வாயு வெளியேறுவதற்காகவே வைக்கப்பட்டவை. அவற்றை அடைத்தால், வெளிவிட்ட மூச்சையே மறுபடி இழுக்கிறீர்கள். காலைத் தலைவலிக்கு அதுவே காரணமாக இருக்கலாம், அது ஆபத்தான பழக்கமும்கூட. காற்று மனைவியின் மேல் அடித்தால் குழாயைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் கட்டில் தலைப்பக்கத்தில் மாட்டிவிட்டு, படுக்கும் பக்கத்தை மாற்றிப் பாருங்கள். காற்றை வலை போன்ற துணி வழியே பரப்பி விடும் மாஸ்க்குகளும் இருக்கின்றன.

வயிற்று உப்பல், காற்றை விழுங்குவதால் வருவது. அழுத்தம் தேவைக்கு அதிகமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கவாட்டில் படுப்பதும் சிலருக்கு உதவும். கருவியில் பதிவாகும் விவரங்களை மருத்துவரிடம் காட்டுங்கள். மணிக்கு எத்தனை தடைகள் மிஞ்சுகின்றன என்பது அதில் தெரியும். அது 5-க்குக் கீழே இருக்க வேண்டும். மிஞ்சுபவை தொண்டை அடைப்பால் வருபவையா, மூளை மூச்சுக்கான கட்டளையைத் தராமல் விடுவதால் வருபவையா என்றும் அவர் பார்ப்பார். இரண்டாவது வகையில் அழுத்தத்தைக் கூட்டினால் நிலைமை மோசமாகலாம் என்பதால், இணையத்தைப் பார்த்து நீங்களே எண்ணை மாற்ற வேண்டாம்.

கேள்வி: எடையைக் குறைத்தால் கருவியை விட்டுவிடலாமா? இப்போது ஊசி மருந்து வந்திருக்கிறது என்கிறார்களே? இந்தக் கருவி மாரடைப்பைத் தடுக்குமா?
– வாசகி, சேலம்

பதில்: எடை குறைந்தால் நோய் குறையும் என்பது உறுதி. அமெரிக்காவில் பலரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், எடை 10 சதவீதம் குறைந்தவர்களுக்கு மூச்சுத் தடைகள் சுமார் 26 சதவீதம் குறைந்தன. 10 சதவீதம் கூடியவர்களுக்குச் சுமார் 32 சதவீதம் கூடின. டிர்செபடைட் என்ற ஊசி மருந்துக்கு, உடல் பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களுக்காக, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. உங்களுக்குப் பொருந்துமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் எடை குறைந்துவிட்டது, குறட்டை நின்றுவிட்டது என்று நீங்களே கருவியை நிறுத்தக் கூடாது. மறுபடி தூக்கப் பரிசோதனை செய்து, அதன் பிறகு முடிவெடுக்க வேண்டும். ஒல்லியானவர்களுக்கும் தாடை அமைப்பால் இந்த நோய் வருகிறது என்பதை மறந்துவிட வேண்டாம்.

மாரடைப்பு பற்றி நேர்மையாகவே சொல்கிறேன். ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்கள் 2,700-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடந்து 2016-இல் வெளியான பெரிய ஆய்வில், கருவி பயன்படுத்தியவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான் பயன்படுத்தினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தம் சராசரியாக 2 அல்லது 3 புள்ளி குறைகிறது. அதற்காக மாத்திரையை நிறுத்த முடியாது. கருவி உறுதியாகத் தருவது பகல் விழிப்பும், வாகனம் ஓட்டும்போது பாதுகாப்பும், அருகில் படுப்பவருக்கு நிம்மதியும்தான். அதற்கு மேல் வாக்குக் கொடுத்து விற்பவர்களை நம்ப வேண்டாம்.

கேள்வி: லாரி ஓட்டுகிறேன். எனக்கும் இந்த நோய் இருக்கிறது என்று போன மாதம் சொன்னார்கள். புதுக் கருவி வாங்க வசதியில்லை. உறவினர் ஒருவர் பயன்படுத்தாமல் வைத்திருந்த பழைய கருவியைத் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: அண்ணே, கருவியை வாங்கிக்கொள்ளலாம், அப்படியே மாட்டிக்கொள்ளத்தான் கூடாது. அதில் இருக்கும் அழுத்தம் உங்கள் உறவினரின் தொண்டைக்காக வைத்தது. உங்கள் பரிசோதனை அறிக்கையோடு கருவியை மருத்துவரிடம் கொண்டுபோய் உங்களுக்கு ஏற்றபடி மாற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும். மாஸ்க், குழாய், வடிகட்டி மூன்றையும் கட்டாயம் புதிதாக வாங்குங்கள். முழுக் கருவியின் விலையோடு பார்த்தால் அந்தச் செலவு சிறியது. கருவியின் அடியில் இருக்கும் மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், உள்ளே சத்தத்தைக் குறைக்க வைத்த நுரைப் பொருள் சிதைந்து காற்றில் கலக்கக்கூடும் என்பதால், தன் கருவிகளில் பல மாடல்களைத் திரும்பப் பெற்றது. உங்களுக்குக் கிடைப்பது அந்தப் பட்டியலில் இருந்தால் தொட வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் நான் சொல்லியாக வேண்டும். சிகிச்சை இல்லாத ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்கள் வாகன விபத்தில் சிக்கும் வாய்ப்பு, மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். ஓட்டும்போது கண் சொக்குகிறது, கடந்து வந்த சில கிலோமீட்டர் நினைவில்லை என்ற நிலை இருந்தால், கருவி உங்களுக்குச் சரியாக அமைந்து, தூக்கக் கலக்கம் போய்விட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை ஸ்டியரிங்கைப் பிடிக்காதீர்கள். வருமானம் போகும் என்று தெரிந்துதான் சொல்கிறேன். முதலாளியிடம் பேசி, அதுவரை ஏற்றி இறக்கும் இடத்தில் வேறு வேலை கேட்டுப் பாருங்கள். மறுபடி வண்டி எடுக்கும்போது கருவியை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. லாரியின் 24 வோல்ட் மின்சாரத்தில் ஓடுவதற்கான மாற்றி பல மாடல்களுக்குக் கிடைக்கிறது. உங்கள் மாடலுக்கு உரியதை மட்டும் வாங்கி, கேபினில் படுக்கும் இரவுகளிலும் மாட்டிக்கொள்ளுங்கள். ஈரப்பதக் கலனைத் தண்ணீரோடு வண்டியில் வைத்தால் குலுங்கித் தண்ணீர் கருவிக்குள் போய்விடும். ஆகவே படுக்கும்போது ஊற்றி, எழுந்ததும் கொட்டிவிடுங்கள்.